சுட்டியும் கையும்: ஓர் அளவின் வரலாறு



கணினியில் ஆடப்படும் சுடும் ஆட்டங்களைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு உண்டு. படிப்பு கெடுகிறது என்பது பெற்றோரின் பேச்சு. இதற்கு உலகப் போட்டியே நடக்கிறது என்பது பிள்ளைகளின் பேச்சு. அந்த வழக்கைத் தீர்த்து வைப்பது இன்றைய உரையின் நோக்கமன்று. அந்த ஆட்டங்களில் இறங்கும் பிள்ளைகள் தங்களுக்குள் ஓயாமல் விவாதிக்கும் ஒரு சிறிய எண்ணை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். அதை அவர்கள் 'சென்ஸ்' என்று சுருக்கிச் சொல்வார்கள். தமிழில் உணர்திறன் என்கிறோம். சுட்டியைப் பிடித்த கை இவ்வளவு தூரம் நகர்ந்தால் திரையில் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் குறிக்கும் எண் அது.

ஒருவன் தன் எண் 2 என்பான். மற்றொருவன் 0.4 என்பான். தோற்றவன் அன்றிரவே எண்ணை மாற்றுவான். மாற்றியும் தோற்றால், "இந்தச் சுட்டியே சரியில்லை, புதியது வேண்டும்" என்று வீட்டில் கேட்பான். புதியது 300, 400 வெள்ளி என்னும்போதுதான் இந்த எண் குடும்பத்தின் கவலையாகிறது. ஆகவே அது எங்கிருந்து வந்தது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் பெரியவர்களும் அறிந்துகொள்வது நல்லது.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. நீண்ட கம்பின் நுனியில் அரிவாள் இருக்கிறது. அடியில் பிடித்திருக்கும் கை சற்றே சாய்ந்தால் மேலே அரிவாள் முழக்கணக்கில் விலகிப் போகிறது. கம்பு குட்டையாக இருந்தால் அதே கை அசைவுக்கு நுனி கொஞ்சமே நகரும். உணர்திறன் உயர்ந்த சுட்டி நீண்ட கம்பைப் போன்றது. தாழ்ந்த சுட்டி குட்டைக் கம்பு. ஒன்றில் எட்டுவது எளிது, குறி வைப்பது கடினம். மற்றொன்றில் குறி எளிது, எட்டுவதற்குக் கை நிறைய உழைக்க வேண்டும்.

இந்த இழுபறியை அறிஞர்கள் ஆராயத் தொடங்கியது கணினி பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பு. 1899-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த், கை ஓர் இலக்கை நோக்கிச் செல்வது இரண்டு பகுதிகளாக நடக்கிறது என்று எழுதினார். முதலில் ஒரே வீச்சாக இலக்கின் அருகே போய்விடுகிறோம். பிறகு கண்ணால் பார்த்துப் பார்த்துச் சிறு திருத்தங்கள் செய்து இலக்கில் சேர்கிறோம். சுடும் ஆட்டம் ஆடும் பிள்ளையின் கையைக் கவனித்தால் இந்த இரண்டையும் கண்ணெதிரே காணலாம்: ஒரு வீச்சு, பிறகு ஓர் அசைவோ இரண்டசைவோ, உடனே சுடுதல். உணர்திறன் உயர்ந்திருந்தால் வீச்சு விரைவாக முடியும், ஆனால் திருத்தம் நடுங்கும். தாழ்ந்திருந்தால் திருத்தம் அமைதியாக அமையும், வீச்சுதான் நீளும்.

1954-இல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஃபிட்ஸ் இதைக் கணக்காகவே ஆக்கிவிட்டார். அதற்கு முன் அவர் அமெரிக்க விமானப்படைக்காக விமானிகளின் கைத்திறனையும் கண்திறனையும் ஆராய்ந்தவர். இரண்டு உலோகத் தகடுகளை மேசைமேல் வைத்து, கையிலுள்ள கம்பியால் மாறி மாறித் தொடச் சொன்னார். தகடுகளின் இடைவெளி கூடினால் நேரம் கூடியது. தகட்டின் அகலம் குறைந்தாலும் நேரம் கூடியது. தூரத்தை இரட்டிப்பாக்குவதும் அகலத்தைப் பாதியாக்குவதும் கைக்கு ஏறக்குறைய ஒரே அளவு சுமையை ஏற்றுகின்றன என்பதே அவர் கண்ட விதி. தொலைவில் நிற்கும் எதிரியின் தலை திரையில் மிளகளவு தெரிகிறதே, அதைக் குறி வைப்பதற்கு நேரம் பிடிப்பது இந்த விதியின்படிதான்.

இனி சுட்டிக்கு வருவோம். டக்ளஸ் எங்கல்பார்ட் 1925-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையில் ராடார் தொழில்நுட்பராகச் சேர்ந்து, பிலிப்பைன்ஸில் பணிபுரிந்தார். திரையில் புள்ளிகள் மின்னுவதைப் பார்த்துப் பழகிய அவருக்கு, மனிதன் திரையோடு நேரடியாக வேலை செய்ய முடியும் என்ற எண்ணம் பிறகு உருவாயிற்று. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சிக் கழகத்தில் அவர் வேலை பார்த்தபோது, 1964-இல் அவருடைய கருத்தை வைத்து பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் முதல் சுட்டியைச் செய்தார். அது ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். பக்கவாட்டில் இழுத்தால் ஒரு சக்கரம் உருளும், மற்றது வழுக்கும். நேராக இழுத்தால் மற்றது உருளும். சக்கரம் எவ்வளவு சுழன்றதோ அதற்கேற்பத் திரையில் குறி நகரும். வால்போல் கம்பி தொங்கியதால் எலி என்று அழைத்தார்கள். முதலில் அப்படி அழைத்தவர் யார் என்பது அங்கிருந்தவர்களுக்கே நினைவில்லையாம்.

அவர்கள் சுட்டியை மட்டும் செய்து பார்க்கவில்லை. ஒளிப்பேனா, கைப்பிடிக் கோல், மேசைக்கடியில் முழங்காலால் அசைக்கும் ஒரு கருவி ஆகிய எல்லாவற்றையும் ஆட்களிடம் கொடுத்து, எது விரைவு, எதில் பிழை குறைவு என்று சோதித்தார்கள். பழகிய கைகளுக்குச் சுட்டியே சிறந்ததாக அமைந்தது. 1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய கூட்டத்தின் முன் எங்கல்பார்ட் அதை இயக்கிக் காட்டினார். 1970-இல் காப்புரிமை கிடைத்தது. உரிமை ஆராய்ச்சிக் கழகத்தினுடையது. கண்டுபிடித்தவருக்கு அதிலிருந்து உரிமைத்தொகை எதுவும் வரவில்லை. 2013-இல் அவர் காலமானபோது, உலகில் சுட்டி புழங்காத அலுவலகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. வியர்வை ஒருவருடையது, ஏடு மற்றொருவருடையது என்பது நம் மக்களுக்குப் புதிய செய்தி அன்று.

பில் இங்கிலீஷ் பின்னர் செராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், சக்கரங்களுக்குப் பதிலாக உருண்டை வைத்த சுட்டியை 1972-இல் அமைத்தார். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனம் 1968-லேயே தனியாக உருண்டைச் சுட்டி ஒன்றைச் செய்திருந்தது. செராக்ஸ் கூடத்தில் ஸ்டூவர்ட் கார்டு என்ற அறிஞரும் தோழர்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்வுதான் நம் கதைக்கு முக்கியமானது. சுட்டியால் குறிவைக்க ஆகும் நேரத்தை அளந்து ஃபிட்ஸின் விதியோடு ஒப்பிட்டபோது, வெறுங்கை இலக்கைத் தொடும் வேகத்துக்குச் சுட்டி ஏறக்குறைய இணையாக நின்றது. தடை கருவியில் இல்லை, மனிதனின் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும் வேகத்தில்தான் இருக்கிறது என்பது இதன் பொருள்.

இதே கார்டு, ஜெலினெக் என்பவரோடு சேர்ந்து 1990-இல் இன்னொரு கேள்வியை எழுப்பினார். சுட்டியின் வேகத்தைக் கூட்டினால், அல்லது கை விரைந்து நகரும்போது மட்டும் குறி இன்னும் விரைந்து பாயுமாறு முடுக்கம் சேர்த்தால், மனிதன் உண்மையிலேயே விரைவாகக் குறி வைக்கிறானா? அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட 'ஆற்றல் மிக்க' சுட்டிகள் கடைகளில் விற்கப்பட்டன. சோதித்துப் பார்த்ததில் அவ்வாறு விரைவு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. மேசையில் இடம் மிச்சமாவதே அதனால் வரும் பயன் என்று கண்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் முன்னரே சொல்லப்பட்ட முடிவு. இன்றும் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆட்டங்கள் இந்தக் கதைக்குள் தாமதமாகத்தான் நுழைந்தன. அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பரில் 'டூம்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. துப்பாக்கி ஏந்தியவனின் கண்வழியே எல்லாவற்றையும் பார்க்கும் ஆட்டம் அது. பலர் அதை விசைப்பலகையாலேயே ஆடினார்கள். மேலும் கீழும் குறி வைக்கத் தேவையில்லை, கணினியே அதைப் பார்த்துக்கொண்டது. 1996-இல் அதே நிறுவனத்தின் 'குவேக்' வந்தபோது நிலைமை மாறியது. எதிரி மேல்தளத்தில் இருப்பான், கீழே பள்ளத்தில் இருப்பான், அண்ணாந்தும் குனிந்தும் பார்க்க வேண்டும். சுட்டியால் பார்வையைத் திருப்பும் வசதி அதில் இருந்தது. ஆனால் ஆடுபவர் தாமாகவே கட்டளை எழுதி அதை இயக்க வேண்டியிருந்தது. விசைப்பலகையால் நடந்து, சுட்டியால் பார்த்த சிலர் மற்றவர்களை எளிதில் வென்றார்கள். அவர்களுள் பெயர்பெற்றவர் 'த்ரெஷ்' என்று அறியப்பட்ட டென்னிஸ் ஃபாங். 1997-இல் அமெரிக்காவில் நடந்த குவேக் போட்டியில் அவர் வென்ற பரிசு, ஆட்டத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் கார்மாக்கின் சொந்த ஃபெராரி கார். அவர் எந்த விசைகளை எப்படி அமைத்துக்கொண்டார் என்று அறிந்து, அவ்வாறே அமைத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பிறருடைய எண்ணைப் பின்பற்றும் பழக்கம் அப்போதே வேர்விட்டது.

குவேக்கில் உணர்திறன் எண் முதலில் 3 என்று வைக்கப்பட்டிருந்தது. அதன் பின்னால் இன்னொரு எண் மறைந்திருந்தது: 0.022. உணர்திறன் 1 என்றிருந்தால், சுட்டி அனுப்பும் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 பாகை திரும்பும் என்பது அதன் பொருள். அந்த ஆட்டத்தின் நிரலிலிருந்து 1998-இல் 'ஹாஃப்-லைஃப்' வளர்ந்தது. ஹாஃப்-லைஃபிலிருந்து 1999-இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் 'கவுண்ட்டர்-ஸ்ட்ரைக்' என்ற ஆட்டத்தை உருவாக்கினார்கள். 2023-இல் வந்த கவுண்ட்டர்-ஸ்ட்ரைக் 2 வரை அந்த 0.022 மாறவேயில்லை. பாட்டன் போட்ட வேலியைப் பேரனும் மாற்றாமல் வைத்திருப்பது போல.

கவுண்ட்டர்-ஸ்ட்ரைக் நம் ஊர்களுக்கு வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். சிறு பட்டணங்களில்கூட சைபர் கஃபேக்கள் முளைத்தன. அங்கே சுட்டிகள் உருண்டை வைத்தவை. அடியில் ரப்பர் உறையிட்ட உருண்டை மேசையின் தூசியையெல்லாம் அள்ளி உள்ளே உருளிகளில் ஒட்டவைத்துவிடும். நகத்தால் சுரண்டி எடுத்தபின்தான் ஆட்டம். விசைப்பலகைக்கான இழுப்புத் தட்டில் ஓரமாகக் கிடக்கும் சுட்டிக்கு ஒரு சாண் இடமே கிடைக்கும். ஆகவே உணர்திறனை ஏற்றி வைத்து, மணிக்கட்டை மட்டும் வெட்டி வெட்டித் திருப்பி ஆடினார்கள். அது விருப்பத்தால் வந்த பாணி அன்று, இடமில்லாததால் வந்த பாணி.

1999-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் உருண்டையே இல்லாத சுட்டியைக் கொண்டுவந்தது. அடியில் ஒரு சிறிய கண், வினாடிக்கு 1,500 முறை மேசையைப் படமெடுத்து, படத்துக்குப் படம் என்ன நகர்ந்தது என்று கணக்கிட்டது. அந்தக் கண்ணின் தொழில்நுட்பம் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்திலிருந்து வந்தது. அந்த நிறுவனம் 1972 முதல் பினாங்கில் தொழிற்சாலை நடத்தியது என்பதை நம் நேயர்களில் அங்கே வேலை பார்த்தவர்களே சொல்வார்கள். முதல் ஒளிச்சுட்டிகளுக்கு ஒரு குறை இருந்தது: மிக வேகமாக இழுத்தால் தடம் தவறிவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல அக்குறை நீங்கியது. அதோடு சுட்டி விரிப்புகளும் அகன்றன. டென்மார்க்கில் 2001-இல் தொடங்கிய ஒரு நிறுவனம் கண்ணாடியாலேயே விரிப்பு செய்து விற்றது. பின்னர் துணி விரிப்புகள் பரவின. முழங்கையையும் தோளையும் பயன்படுத்தி, விரிப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இழுத்து ஆடுவது போட்டியாளர்களிடையே வழக்கமாயிற்று. கவுண்ட்டர்-ஸ்ட்ரைக்கில் தலையில் பட்ட ஒரு குண்டே பெரும்பாலும் ஆட்டத்தை முடித்துவிடும். திருத்தம் அமைதியாக இருப்பவனுக்கே அங்கு வெற்றி. 2005 நவம்பரில் உலக சைபர் விளையாட்டுகளின் இறுதிச் சுற்று சிங்கப்பூரில் நடந்தபோது, நம் பகுதி இளைஞர்கள் இதை அருகிருந்தே பார்க்க முடிந்தது.

இப்போது கணக்கு. சுட்டியின் பெட்டியில் டி.பி.ஐ. என்று ஓர் எண் இருக்கும். சுட்டி ஓர் அங்குலம் நகர்ந்தால் கணினிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதே அது. அதை ஆட்டத்தின் உணர்திறனோடு பெருக்க வேண்டும். சுட்டி 400, ஆட்டத்தில் 2 என்றால் பெருக்கல் 800. சுட்டி 800, ஆட்டத்தில் 1 என்றாலும் அதே 800. இரண்டிலும் ஒரு முழுச்சுற்றுத் திரும்பக் கை ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் நகர வேண்டும். ஆகவே 'என் எண் 2' என்று ஒருவன் சொன்னால் அது பாதிச் செய்திதான். கவுண்ட்டர்-ஸ்ட்ரைக் போட்டியாளர்களில் பெரும்பாலோரின் பெருக்கல் 600 முதல் 1,200 வரை இருக்கிறது. அதாவது முழுச்சுற்றுக்கு 69 சென்டிமீட்டரிலிருந்து 35 சென்டிமீட்டர் வரை. உலகத்தில் சிறந்தவர்களுக்குள்ளேயே ஒருவர் கை மற்றவர் கையைப்போல் இரண்டு மடங்கு நகர்கிறது. வென்றவரின் எண்ணைத் தேடிப் பிடிப்பதில் பெரும்பயன் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரரான மின்-லியாங் டான் இருவரில் ஒருவராகச் சேர்ந்து 2005-இல் தொடங்கிய ரேசர் நிறுவனத்தின் 'டெத்ஆடர்' சுட்டி 2006-இல் வந்தபோது அதன் டி.பி.ஐ. 1,800. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 20,000. அடுத்த பதிப்பில் 30,000. மற்ற நிறுவனங்களும் இதே ஓட்டத்தில் ஓடின. 30,000 வைத்து, கவுண்ட்டர்-ஸ்ட்ரைக்கில் உணர்திறன் 1 என்று ஆடினால், சுட்டி ஒன்றரை சென்டிமீட்டர்கூட நகர்வதற்குள் பார்வை ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிடும். எந்தக் கையாலும் அதில் குறி வைக்க முடியாது. போட்டியாளர்கள் பலர் இன்றும் 400, 800, 1,600 என்ற அளவுகளிலேயே ஆடுகிறார்கள். மலிவான சுட்டியிலும் இவ்வளவு கிடைக்கும். நல்ல சுட்டியில் எடை குறைவு, தடம் தவறாத கண், கைக்குப் பொருந்தும் வடிவம் ஆகியவை உண்மையான நன்மைகள்தாம். ஆனால் பெரிய எண்ணுக்காகப் பணம் கொடுப்பது, எட்ட முடியாத உயரத்துக்கு ஏணி வாங்குவதுதான்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தபோது, சுட்டியின் துல்லியத்தைக் கூட்டுவதாகப் பெயரிட்டு ஒரு வசதியைச் சேர்த்தார்கள். உண்மையில் அது முடுக்கம். கை மெதுவாக நகர்ந்தால் குறி கொஞ்சம் நகரும், அதே தூரத்தைக் கை வேகமாகக் கடந்தால் குறி வெகுதூரம் ஓடிவிடும். அலுவலக வேலைக்கு அது பரவாயில்லை. சுடும் ஆட்டத்தில், இவ்வளவு தூரம் இழுத்தால் இவ்வளவு திரும்பும் என்று கை கற்றுக்கொண்ட பாடத்தை அது குழப்பிவிடும். குவேக் ஆட்டக்காரர்களில் சிலர் முடுக்கத்தோடேயே பழகி வெற்றிபெற்றிருக்கிறார்கள். புதிதாகக் கற்கும் பிள்ளை அதை அணைத்து வைப்பதே மேல்.

அப்படியானால் எண்ணை எப்படித் தேர்வது? முதலில் மேசையைப் பார்க்க வேண்டும். விரிப்பில் சுட்டி தாராளமாக நகர எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது? பின்னால் வரும் எதிரியைப் பார்க்க அரைச்சுற்றுத் திரும்ப வேண்டும். அந்த அரைச்சுற்று, நடுவிலிருந்து ஒரு பக்கம் இழுக்கும் இழுப்பில் அடங்குமாறு இருந்தால் நல்லது. இருபுறமும் 20 சென்டிமீட்டர் இருந்தால் முழுச்சுற்றுக்கு 40 என்று தொடங்கலாம். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலைதான் கிடைக்கிறது என்றால் 30 என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி வைத்து, அதை மட்டுமே திருப்பி மணிக்கணக்கில் ஆடுவதைப் பெற்றோர் கண்டால் நிறுத்த வேண்டும். போட்டிகளில் முன்னணியில் இருந்தவர்களே கை வலியால் ஆட்டத்தைவிட்டு விலகி ஓய்வெடுக்க நேர்ந்திருக்கிறது. விரல் மரத்துப்போவதாகப் பிள்ளை சொன்னால் எண்ணை மாற்றிப் பார்க்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தொடங்கிய அளவை இரண்டு மூன்று வாரங்களுக்குத் தொடக்கூடாது. பால்மரம் சீவியவர்களுக்கு இது தெரியும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த இடைப்பட்ட அளவைக் கை பிடித்துக்கொள்ளப் பல நாள் ஆகும். நாளுக்கொரு கத்தியை மாற்றினால் பிடிக்கவே பிடிக்காது. குறி எப்போதும் இலக்கைத் தாண்டியே போகிறது என்றால் அளவைச் சற்றுக் குறைக்கலாம். எப்போதும் எட்டாமல் நிற்கிறது என்றால் சற்றுக் கூட்டலாம். சில நேரம் தாண்டியும் சில நேரம் எட்டாமலும் போனால் எண்ணில் குற்றமில்லை, பழக்கம்தான் போதவில்லை.

அளப்பதற்குப் பள்ளிக்கூட அடிக்கோல் போதும். ஆட்டத்தில் சுவரிலுள்ள ஒரு புள்ளியை நோக்கி நின்று, சுட்டியை அடிக்கோலின் தொடக்கத்தில் வைத்து, பார்வை சுற்றிவந்து அதே புள்ளியில் சேரும்வரை பக்கவாட்டில் இழுக்க வேண்டும். கோல் குட்டையாக இருந்தால் சுட்டியைத் தூக்கித் தொடக்கத்தில் மறுபடி வைத்து, கூட்டிக்கொள்ளலாம். கிடைத்த சென்டிமீட்டரைக் குறித்து வைத்துக்கொண்டால் எந்த ஆட்டத்துக்கும், எந்தக் கணினிக்கும் அது செல்லும். 2020-இல் வந்த 'வேலரண்ட்' ஆட்டத்தில் 0.022 இல்லை, 0.07 இருக்கிறது. ஆகவே கவுண்ட்டர்-ஸ்ட்ரைக்கின் எண்ணை 3.18-ஆல் வகுத்துப் போட வேண்டும். சுட்டி 800 என்றால், முழுச்சுற்றுக்கு 40 சென்டிமீட்டர் வேண்டுபவர் கவுண்ட்டர்-ஸ்ட்ரைக்கில் 1.3 என்றும், வேலரண்ட்டில் 0.41 என்றும் வைப்பார். திரையில் இரண்டு எண்கள், மேசையில் ஒரே 40 சென்டிமீட்டர்.